அடையாள அட்டையை நீட்டுவதற்கு முன்

காவல் நிலைய மேசையின்மேல் விசாரணை அதிகாரி எடுத்து வைத்த அச்சுத்தாளில் எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவரின் அடையாள அட்டைப் படம் இருந்தது. "இது உங்களுடையதுதானா?" என்று அவர் மலாயில் கேட்டார். மொழிபெயர்த்துச் சொல்வதற்காக உடன் போயிருந்த நான், அட்டையைவிட அட்டைக்கு அடியில் தெரிந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கண்ணாடி, அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த நாள்காட்டித் துண்டு. அது என் கடை மேசை. அந்தப் படத்தை எடுத்தவன் நான்.

2024 பிப்ரவரியில் நடந்தது இது. அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே பாட்டிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தது. காவல் துறையிலிருந்து பேசுவதாகவும், அவர் பெயரில் பதிவான முன்கட்டணக் கைப்பேசி எண் ஒன்றைக் கொண்டு வேறு மாநிலத்தில் ஒருவரை ஏமாற்றிப் பணம் பறித்திருப்பதாகவும் சொன்னார்களாம். காவல் துறையின் பெயரைச் சொல்லி மிரட்டும் மோசடி அழைப்புகளைப் பற்றி ஊரெல்லாம் எச்சரித்துவந்தவன் நான்தான். ஆகவே பாட்டி கடைக்கு வந்து கேட்டபோது, பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உள்ளூர் நிலையத்திலிருந்து ஆள் வீட்டுக்கே வந்த பிறகுதான் அந்த அழைப்பு உண்மையானது என்று தெரிந்தது. எழுபது வயதைக் கடந்த, வாழ்நாளெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைத்த ஒருவர், தன் பெயரில் நடந்த குற்றத்துக்காகக் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தது. அவர்மீது வழக்கு எதுவும் வரவில்லை. ஆனால் அன்று மரப்பலகையில் உட்கார்ந்திருந்தபோது அவர் கைகள் நடுங்கியதை நான் மறக்கவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக, பல ஆண்டுகள் வேலை செய்தேன். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள்; பிறகு தொழிலாளர்களின் லயத்து வீடுகள் காலியாகி, மக்கள் பட்டணத்தை ஒட்டிய தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். நானும் வேலையை விட்டு நகலெடுக்கும் கடை ஒன்றைத் தொடங்கினேன். நகலெடுப்பதைவிட விண்ணப்பம் நிரப்புவதே அங்கு அதிக வேலை. அரசின் ரொக்க உதவி, ஊழியர் சேமநிதி, சொக்சோ என்ற தொழிலாளர் காப்பீடு, பள்ளிப் பதிவு என எதுவானாலும், தோட்டத்தில் என்னிடம் சம்பளச் சீட்டைக் காட்டிக் கணக்குக் கேட்ட அதே மக்கள் என்னிடம்தான் வருவார்கள். அட்டையை மேசையில் வைத்துவிட்டு, "நீங்களே பார்த்துச் செய்யுங்க ஐயா" என்பார்கள்.

2023 தீபாவளிக்கு முன் கோயில் நிர்வாகக் குழு வழியாக வசதி குறைந்த குடும்பங்களுக்கு மளிகைப் பொருள் வழங்க ஏற்பாடாயிற்று. பொருள் தருவோர் பெறுபவர்களின் அடையாள அட்டை நகலைக் கேட்டார்கள். அலைச்சலைக் குறைக்க வேண்டும் என்று, 41 குடும்பங்களின் அட்டைகளை இரு புறமும் படமெடுத்துக் குழுவின் புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், ஏற்றினேன். செயலாளர் தயங்கினார். "புலனத்தில் போவதெல்லாம் மறைகுறியாக்கம் செய்யப்பட்டது, அதை நடத்தும் நிறுவனமேகூடப் படிக்க முடியாது" என்று அவருக்கு விளக்கம் சொன்னவனும் நான்தான். நான் சொன்னது பொய்யன்று. அதில் பாதி உண்மைதான் இருந்தது என்பதை நான் அறியவில்லை.

பாட்டி பெயரில் அந்த எண்ணைப் பதியப் பயன்பட்ட படம் எங்கிருந்து போனது என்பதைக் கண்டறிய என் அக்காள் மகள் உதவினாள். ஈப்போவில் கணினித் துறையில் படித்து அத்துறையிலேயே வேலை பார்ப்பவள். குழுவில் இருந்த அனைவரின் கைப்பேசிகளையும் வாங்கி, புலனத்தில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பகுதியைத் திறந்து பார்த்தாள். ஒருவருடைய பேசியில், அவர் அறியாத கணினி உலாவி ஒன்று மாதக்கணக்கில் இணைந்திருந்தது. தெரிந்தவர் பெயரில் வந்த செய்தியொன்று, ஒரு குழந்தையின் ஓவியத்துக்கு வாக்களிக்கக் கேட்டதாகவும், வாக்கு பதிவாக ஒரு குறியீட்டைப் பேசியில் தட்டச் சொன்னதாகவும் அவர் நினைவுகூர்ந்தார். அந்தக் குறியீடுதான் மோசடிக்காரனின் கணினியை அவர் கணக்கோடு சேர்த்தது. அவருடைய பேசி வழக்கம்போல வேலை செய்துகொண்டே இருந்ததால் ஐயம் எழவில்லை. அப்படிப் புதிதாக இணையும் சாதனத்துக்கு அண்மைக்கால உரையாடல்களும் சேர்ந்தே போய்விடும் என்பதும் எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. "மாமா, பூட்டு உடையல. இன்னொரு சாவி வெட்டிக் கொடுத்திருக்காங்க, அவ்வளவுதான்" என்றாள் அவள்.

அவள் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். 2016 ஏப்ரலிலிருந்து புலனச் செய்திகள் அனைத்தும், அனுப்புபவரின் கருவியில் பூட்டப்பட்டுப் பெறுபவரின் கருவியில்தான் திறக்கப்படுகின்றன. இடையிலுள்ள கம்பி, கோபுரம், நிறுவனத்தின் கணினி எதிலும் அதைப் படிக்க முடியாது. அந்தக் கணிதம் இன்றுவரை நம்பத்தக்கதாகவே இருக்கிறது. ஆனால் அது காப்பது பாதையைத்தான். பாதையின் இரு முனைகளிலும் செய்தி திறந்த நிலையில்தான் கிடக்கும். இருவர் பேசும்போது முனை இரண்டு. பதின்மூன்று பேர் உள்ள குழுவில் முனை பதின்மூன்று, அவர்கள் இணைத்துவைத்த கணினிகளையும் சேர்த்தால் இன்னும் கூடுதல். குழுவில் மிகவும் கவனக்குறைவான ஒருவர் எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறாரோ, அவ்வளவுதான் மற்ற பன்னிருவரின் பாதுகாப்பும். இதையே நான் செயலாளருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் அப்போது தெரியவந்தது. பேசி தொலைந்தால் மீட்டெடுப்பதற்காக இணையச் சேமிப்பகத்தில் ஏற்றிவைக்கும் காப்புநகல், அதே பூட்டுக்குள் தானாக வந்துவிடுவதில்லை. 2021 அக்டோபரிலிருந்து அதற்கும் தனிக் கடவுச்சொல் இட்டுப் பூட்டும் வசதி இருக்கிறது. ஆனால் நாமே அமைப்புக்குள் போய் அதைத் தொடங்க வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர்கூட அதைச் செய்திருக்கவில்லை, நானும் உட்பட.

கேட்டவுடன் அட்டையை நீட்டும் பழக்கம் எங்களுக்கு எப்படி வந்தது என்று அந்த நாள்களில் நிறைய யோசித்தேன். 1948 ஜூன் 16ஆம் நாள் இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே 12 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் புகைப்படமும் கைரேகையும் கொடுத்து அடையாள அட்டை பெற வேண்டும் என்ற விதி வந்தது. அட்டையைக் காட்டாமல் சாலைத் தடுப்பைக் கடக்க முடியாது என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பின்னர் 1969ஐ ஒட்டிக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, சிவப்பு அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர்கள் பலர் வேலையிழந்து, பிள்ளைகுட்டிகளோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். குடிமக்களுக்குரிய நீல அட்டை கிடைத்தவர்கள் தங்கினார்கள். பிறப்புப் பத்திரம் சரியில்லாததால் இன்றும் நீல அட்டைக்காகப் பதிவிலாகா வாசலில் நிற்பவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.

ஆகவே நகரத்து நண்பர்கள் சிலர் சொல்வதைப்போல, அரசாங்கத்திடம் எதையும் கொடுக்காதே என்று எங்கள் மக்களிடம் என்னால் சொல்ல முடியாது. பதிவேட்டில் பெயர் இடம்பெற வேண்டும் என்பதற்காகவே இரண்டு தலைமுறையாகப் போராடிய சமூகம் இது. பெயர் இல்லையென்றால் பள்ளி இல்லை, மருத்துவமனைச் சலுகை இல்லை, சேமநிதி இல்லை. ஆனால் அட்டையைக் காட்டுவதே உரிமையின் அடையாளம் ஆகிவிட்ட காரணத்தால், "எதற்காகக் கேட்கிறீர்கள், எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள்?" என்று கேட்கும் பழக்கம் எங்களுக்குள் வளரவே இல்லை. கேட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்களோ என்ற அச்சம் இன்னும் இருக்கிறது. இந்த அச்சத்தை விளங்கிக்கொள்ளாமல் தரவுப் பாதுகாப்பைப் பற்றி இங்கே யாரிடமும் பேச முடியாது.

2001இல் மைகாட் என்ற, சில்லு பதித்த அடையாள அட்டை வந்தது. புகைப்படமும் கைரேகையும் சில்லுக்குள் போயின. ஆனால் அட்டையின் முகத்தில் அச்சிட்ட 12 இலக்க எண்ணே பலவற்றைச் சொல்லிவிடுகிறது. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம், பேராக் என்றால் 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். மாற்றிக்கொள்ளக்கூடிய கடவுச்சொல்லைப்போல அன்றி, இந்த எண் ஆயுள் முழுவதும் ஒட்டியிருக்கும். 2017 அக்டோபரில், நாட்டிலுள்ள 46.2 மில்லியன் கைப்பேசி இணைப்புகளின் சந்தாதாரர் விவரங்கள் கசிந்து விற்பனைக்கு வந்தது வெளிச்சத்துக்கு வந்தபோது, அடையாள அட்டை எண்களும் முகவரிகளும் அவற்றில் இருந்தன. அன்றைய மக்கள்தொகையைவிட அதிகமான எண்ணிக்கை அது. அதன்பின் அடையாள அட்டை எண்ணை இரகசியமாகக் கருதுவதில் பொருளில்லை. எண்ணைச் சொன்னாலே ஆளை நம்பிவிடும் அலுவலகமும் கடையும்தான் மாற வேண்டும்.

பாட்டியின் விவகாரம் நடந்த அதே மாதங்களில்தான் 'பாடு' என்ற முதன்மைத் தரவுத் தளத்தில் பதிவுசெய்ய மக்கள் என் கடைக்கு வந்துகொண்டிருந்தார்கள். 2024 ஜனவரி 2ஆம் நாள் தொடங்கி மார்ச் 31 வரை நடந்த பதிவு அது. உதவித்தொகைகளையும் மானியங்களையும் உரியவர்களுக்குச் சேர்க்க அரசு இந்தத் தளத்தை அமைத்தது. நோக்கத்தில் நான் குறை காணவில்லை. என் ஊரில் உதவி கிடைக்க வேண்டிய பலருக்கு அது கிடைக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தொடங்கிய நாள்களிலேயே, ஒருவருடைய அடையாள அட்டை எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் அவர் பெயரில் வேறொருவர் பதிவைத் தொடங்கிவிடலாம் என்று முன்னாள் துணையமைச்சர் ஓங் கியான் மிங் பொதுவில் எச்சரித்தார். எண்ணும் அஞ்சல் குறியீடும் அட்டையிலேயே அச்சாகியிருக்கின்றன. புலனக் குழுவில் நான் ஏற்றிய 41 படங்களிலும் இரண்டுமே இருந்தன. படம் வெளியே போனது தெரிந்த அன்றிரவே அந்தக் குடும்பங்களில் யார் யார் பதிவு செய்யவில்லை என்று பார்த்து, அவர்களைக் கூப்பிட்டு அவர்கள் கையாலேயே பதியவைத்தேன். திருடன் முந்திக்கொள்வதற்கு முன் உரியவரே இடத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

சட்டம் என்ன சொல்கிறது என்று படித்தபோது எனக்கு வருத்தமே மிஞ்சியது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வணிகத்தில் பிறர் தரவைக் கையாளும் என் போன்ற சிறு கடைக்காரனையும் அது கட்டுப்படுத்துகிறது. மத்திய அரசையும் மாநில அரசுகளையும் அது கட்டுப்படுத்துவதில்லை. பின்னர் வந்த திருத்தத்தின்படி 2025 ஜூன் முதல் தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். அதுவும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்குத்தான். ஓர் ஏழைக் குடும்பத்தைப் பற்றி மிக அதிகமாக அறிந்திருப்பது அரசுதான். அப்படியிருக்க, கசிந்தால் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லும் கடமை அரசுக்கும் இதே அளவில் எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மறைகுறியாக்கத்துக்கும் அரசுக்குமான உறவைப் பற்றி அக்காள் மகளுடன் பலமுறை வாதிட்டிருக்கிறேன். பாட்டியின் பெயரில் மோசடி செய்தவனின் உரையாடல்களைக் காவல் துறை படிக்க முடிந்தால் நல்லதுதானே, அதற்கு ஒரு மாற்றுச் சாவி அரசிடம் இருந்தால் என்ன என்று கேட்டேன். அவள் அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னாள். 1993இல் அந்நாட்டு அரசு 'கிளிப்பர்' என்ற சில்லை அறிமுகப்படுத்தியது. தொலைபேசி உரையாடலை மறைகுறியாக்கம் செய்யும். ஆனால் ஒவ்வொரு சில்லின் சாவியும் இரண்டாகப் பிரிக்கப்பட்டு இரண்டு அரசு அமைப்புகளிடம் இருக்கும். நீதிமன்ற ஆணை கிடைத்தால் இரண்டையும் சேர்த்துத் திறக்கலாம். எங்கள் கோயில் உண்டியலுக்கும் அதே முறைதான்: இரண்டு பூட்டு, தலைவரிடம் ஒரு சாவி, பொருளாளரிடம் ஒரு சாவி. எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் 1994இல் மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர், சாவி வைத்திருப்பவர்களை அணுகாமலே, அந்தச் சில்லின் கண்காணிப்பு ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்ய முடியும் என்று காட்டினார். சாவிக்காரர்கள் நேர்மையாக இருந்தும் பயனில்லை. திறப்பதற்கென்று சேர்த்த பகுதியிலேயே பழுது இருந்தது. சில ஆண்டுகளில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பாட்டியின் படம் போன விதத்தை நினைத்துப் பார்த்தபோது, மூன்றாவது ஒருவருக்காகச் செய்துவைக்கும் எந்தச் சாவியும் நான்காவது ஒருவர் கைக்குப் போகும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

நம் நாட்டுச் சட்டம் வேறு வழியில் போகிறது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 249ஆம் பிரிவின்படி, அச்சட்டத்தின்கீழ் சோதனை நடக்கும்போது கணினித் தரவைத் திறந்து காட்ட வேண்டும். கடவுச்சொல்லையும் மறைகுறியைத் திறக்கும் குறியீட்டையும் கொடுப்பது அதில் அடங்கும். யாரைச் சோதிக்கிறார்கள், எதற்காக என்பது தெரிந்து, கதவைத் தட்டிக் கேட்கும் முறை இது. எல்லார் வீட்டுப் பூட்டிலும் முன்கூட்டியே ஓட்டை வைப்பதைவிட இது மேல் என்று நினைக்கிறேன், அந்தச் சோதனைக்கு உரிய ஆணை இருக்கும்வரை.

2024 செப்டம்பரில் நடந்தது இதன் மறுபக்கம். இணையத்தில் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் அதற்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ் என்ற பெயர்ச் சேவை. என் கடை இணைப்பின் சேவை மந்தமாக இருந்ததால், கூகுளின் 8.8.8.8 என்ற பொதுச் சேவையை அமைத்துவைத்திருந்தேன். அப்படிப் பொதுச் சேவைகளுக்குப் போகும் வினவல்களை உள்நாட்டுச் சேவையகங்களுக்கே திருப்பிவிட வேண்டும் என்று தொடர்பு, பல்லூடக ஆணையம் இணைய நிறுவனங்களைப் பணித்தது. சூதாட்டம், ஆபாசம் போன்ற தளங்களிலிருந்து பொதுமக்களைக் காப்பதே காரணம் என்றார்கள். எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களுக்குள் அமைச்சர் பாமி பாட்சில் அதைத் தொடர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சாதாரண வினவல் உறையிடாத அஞ்சல் அட்டையைப்போன்றது. வழியில் யாரும் படிக்கலாம், பதிலையும் மாற்றலாம் என்று அப்போது அறிந்துகொண்டேன். மறைகுறியாக்கம் செய்த வினவலை வழியில் தடுக்க முடியும், ஆனால் நமக்குத் தெரியாமல் பொய்ப் பதில் தர முடியாது. உலாவியின் அமைப்பில் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' என்ற பகுதியில் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம் போதும். சூதாட்டத் தளங்களால் குடும்பங்கள் அழிவதை நானும் பார்க்கிறேன். ஆயினும் நான் எங்கே போகச் சொன்னேனோ அங்கே போனதாகக் காட்டி வேறிடத்துக்குத் திருப்புவதை ஏற்க முடியவில்லை. அந்த உத்தி ஒருமுறை பழகிவிட்டால் எதற்கும் பயன்படும்.

கடையில் செய்துகொண்ட மாற்றங்கள் அதிகச் செலவு பிடிக்கவில்லை. நகலெடுக்கும் பெரிய இயந்திரங்கள் பலவற்றுக்குள் கணினிக்கு இருப்பதைப்போன்ற சேமிப்புத் தட்டு உண்டு. நகலெடுத்த பக்கங்களின் உருவம் அதில் தங்கக்கூடும். என் வாடகை இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன், அமைப்புப் பட்டியலில் உள்ள அழிக்கும் கட்டளையைக் கொடுத்து, முடிந்ததற்கான தாளை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். வாடிக்கையாளரின் அட்டையை இப்போது கைப்பேசியில் படமெடுப்பதே இல்லை. நகல் தேவையென்றால், நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் எந்த நிறுவனத்தின் எந்த விண்ணப்பத்துக்கு மட்டும் என்பதையும் தேதியையும் மலாயில் எழுதிக் கொடுக்கிறேன். எழுத்து அட்டை எண்ணின்மீதும் முகத்தின் ஓரத்திலும் படும்படி இருக்க வேண்டும். வெற்றிடத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். கணினியின் சேமிப்பு முழுவதும் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. கடை உடைக்கப்பட்டுக் கணினி களவு போனாலும் கோப்புகள் திறக்காது. விண்ணப்பம் போனதும், வாடிக்கையாளர் பார்க்கும்போதே கோப்பை அழிக்கிறேன்.

இவையெல்லாம் எளிது. கடினமாக இருந்தது, 41 குடும்பங்களிடம் போய் நடந்ததைச் சொன்னதுதான். குழுவில் ஒரு செய்தி போட்டால் போதும் என்று சிலர் கருதினார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மாலை வேளைகளில் வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் பேசியை வாங்கி, இணைக்கப்பட்ட சாதனங்களைப் பார்த்து, புலனத்தில் ஆறிலக்க இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு எண்ணை அவர்களே தேர்ந்தெடுத்து இட வைத்தேன். பணம் பறிபோனால் உடனே 997க்கு அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். 2022இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது, தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும். பாட்டியை ஈப்போவுக்கு அழைத்துச் சென்று, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் முகப்பிடங்களில் அவர் பெயரில் எத்தனை எண்கள் உள்ளன என்று கேட்டோம். அவருக்குத் தெரியாத இரண்டு எண்கள் இருந்தன, இரத்துச் செய்தோம். யாரும் என்னைத் திட்டவில்லை. ஓர் அக்கா மட்டும், "உங்ககிட்டதானே ஐயா கொடுத்தோம்" என்றார். வேறொன்றும் சொல்லாமல் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

39 வீடுகளுக்குப் போய்விட்டேன். இரண்டு குடும்பங்கள் அந்தத் தீபாவளிக்குப் பிறகு வேலை தேடி ஊரைவிட்டுப் போய்விட்டன. ஒன்று ஜொகூர் பக்கம் என்கிறார்கள், மற்றது எங்கென்று தெரியவில்லை. பழைய எண்கள் வேலை செய்யவில்லை. தைப்பூசத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊர் திரும்புகிறவர்களிடம் அவர்களைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.